சக்கரம் சுற்றும், ஸ்லைடு நகராது

கோவை கணபதியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. அதற்குள் அப்பாவின் ஆறடி லேத். பம்ப் கம்பெனிகளுக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுத்துத்தான் என்னை டிப்ளமோ படிக்க வைத்தார். படித்து முடித்த எனக்கு, கையால் சக்கரம் சுற்றும் அந்த வேலையே வேண்டாம் என்று தோன்றியது. மரத்தில் தானாகவே பூவேலை செய்யும் சிஎன்சி ரவுட்டர் ஒன்றை அதே கொட்டகையில் கட்ட ஆரம்பித்தேன். அது 2012.

அன்றைக்கு அப்படி ஒன்றைக் கட்டுவது என்றால் பாதி வேலை அலைச்சல்தான். ஸ்டெப்பர் மோட்டார்களை உக்கடத்துப் பழைய சாமான் கடைகளில் தேடிப் பிடித்தேன். டிரைவர் போர்டுக்குச் சென்னை ரிச்சி தெரு வரை போனேன். சட்டம் எம்டிஎஃப் பலகை. அச்சுகளை நகர்த்தும் பால் ஸ்க்ரூ வாங்கக் காசு இல்லை. ஹார்டுவேர் கடையில் 12 மி.மீ. திரெட் ராடு வாங்கிப் பூட்டினேன். மோட்டார் ஒரு சுற்றுக்கு 200 படி எடுத்து வைக்கும். அரைப் படியாக ஓட்டினால் 400. ராடில் ஒரு புரிக்கும் அடுத்த புரிக்கும் இடைவெளி 1.75 மி.மீ. ஒரு மில்லிமீட்டருக்கு எத்தனை படி என்று வகுத்துப் பார்த்தால் 228.571428 என்று போய்க்கொண்டே இருந்தது. அந்த எண்ணைச் சுவரில் சாக்பீஸால் எழுதி வைத்திருந்தேன்.

நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேலும் கரண்ட் போன வருஷம் அது. ஸ்டெப்பர் மோட்டாருக்குத் தான் எங்கே நிற்கிறோம் என்பது தெரியாது. இத்தனை படி போயிருக்கிறது என்று கம்ப்யூட்டர் வைத்திருக்கும் கணக்குதான் எல்லாம். கரண்ட் போனால் கணக்கும் போய்விடும். பாதிப் பூவோடு நின்றுபோன வேம்புப் பலகைகள் கொட்டகை மூலையில் சேர்ந்துகொண்டே வந்தன.

ஒரு ராத்திரி கரண்ட் நிலையாக நின்றது. 60 மி.மீ. விட்டத்தில் ஒரு வட்டம் வெட்டினேன். கண்ணுக்கு நல்ல வட்டமாகத்தான் தெரிந்தது. காலையில் அப்பா அதைக் கையில் எடுத்தார். கண்ணாடி போடவில்லை. கட்டைவிரலை விளிம்பில் வைத்து மெதுவாக ஓட்டினார். ஓரிடத்தில் விரல் நின்றது. கால் வட்டம் தாண்டி மறுபடி நின்றது. மொத்தம் நாலு இடம்.

"கண்ணு, நட்டுல ப்ளே இருக்குது."

"அளந்து பாத்தேனுங்ப்பா, அரை மில்லிகூட வராது."

டயல் கேஜ் வைத்துப் பார்த்தோம். 0.4 மி.மீ. வட்டம் போகும்போது நாலு இடத்தில் ஏதாவது ஒரு அச்சு திசை மாற வேண்டும். அப்போது ராடு சுற்றினாலும், நட்டில் உள்ள இடைவெளி தீரும்வரை அந்த அச்சு அசையாது. இன்னொரு அச்சு மட்டும் போய்க்கொண்டிருக்கும். 0.4 மி.மீ. ப்ளே, அந்த வட்டத்தில் ஏறக்குறைய 5 மி.மீ. நீளத்துக்கு நேர்கோடாக விழுந்துவிடும். அந்தக் கோடுகளைத்தான் அவர் விரல் தொட்டிருந்தது.

அப்பா என்னை லேத்துக்குக் கூட்டிப்போய், உளியை முன்னும் பின்னும் நகர்த்தும் கிராஸ் ஸ்லைடின் சக்கரத்தில் என் கையை வைத்து, மேலே தன் கையை வைத்தார். "பின்னாடி வர்றப்ப அளவை நம்பாத. தாண்டிப் போயி, மறுபடி முன்னாடி வந்து நிறுத்து." நாற்பது வருஷம் ஒவ்வொரு ஷாஃப்டுக்கும் அவர் கை இதைச் செய்திருக்கிறது. சின்ன வயசிலிருந்து பார்த்திருக்கிறேன். சும்மா வழக்கம் என்று நினைத்துவிட்டேன்.

என் ரவுட்டரின் மூதாதையான, துளையிட்ட காகித நாடாவில் இருந்த எண்களைப் படித்து உலோகம் செதுக்கும் மில்லிங் மெஷினை அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் 1952-ல் ஓட்டிக் காட்டினார்கள். அப்பா பிறந்ததும் அதே 1952-ல்தான். இந்தப் பொருத்தம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். என் வட்டத்தைத் தொட்டுப் பார்த்த அந்த வாரமே அப்பா கன்மெட்டலில் இரண்டு நட்டு கடைந்து, நடுவில் ஒரு ஸ்பிரிங் வைத்து, ஒன்று புரியின் இந்தப் பக்கமும் மற்றது அந்தப் பக்கமும் அழுத்துகிற மாதிரி பூட்டிக் கொடுத்தார். அடுத்த வட்டத்தில் அவர் விரல் எங்கும் நிற்கவில்லை.

அப்பா 2019-ல் போய்விட்டார். இன்று அதே கொட்டகையில் இருப்பது நான் கட்டிய மூன்றாவது ரவுட்டர். அலுமினியச் சட்டம், தண்ணீரில் குளிரும் 2.2 கிலோவாட் ஸ்பிண்டில், 16 மி.மீ. பால் ஸ்க்ரூ. ஒரு சுற்றுக்கு 5 மி.மீ. நகரும். 1,600 நுண்படியை 5-ஆல் வகுத்தால் மில்லிமீட்டருக்கு 320, மிச்சமே இல்லை. ஆர்டுயினோ போர்டில் ஜிஆர்பிஎல் என்ற இலவச மென்பொருள் ஓடுகிறது. எல்லாம் கூரியரில் வந்து இறங்கின. பத்தாவது படிக்கும் மகள் படம் வரைந்து, அவளே பலகை கட்டி, அவளே ஓட்டுகிறாள். அவள் வெட்டும் வட்டங்களை நான் கட்டைவிரலால் தடவிப் பார்க்கிறேன். குறை இல்லை. எனக்கு நிஜமாகவே சந்தோஷம். ஆனால் ப்ளே என்றால் என்ன என்று அவளுக்குத் தெரிய வழியே இல்லாமல் போனது மனசை உறுத்தியது. அது பால் ஸ்க்ரூவின் நட்டுக்குள்ளேயே அடங்கிவிட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை லேத்தின் மேல் கிடந்த சாக்கை எடுத்துத் தூசி தட்டினேன். அவளைக் கூப்பிட்டுக் கிராஸ் ஸ்லைடு சக்கரத்தைப் பிடிக்கச் சொன்னேன். முன்னால் சுற்றினாள், ஸ்லைடு போனது. பின்னால் சுற்றினாள். சக்கரம் வந்தது; ஸ்லைடு அப்படியே நின்றது. கையை நிறுத்தி என்னைப் பார்த்தாள்.

"அப்பா, சுத்துது. ஆனா ஒண்ணும் நகரலையே?"

அவள் கைமேல் என் கையை வைத்தேன்.

"இன்னும் கொஞ்சம் சுத்து கண்ணு. இப்பப் புடிக்கும்."