வஞ்சிரமா, நெத்திலியா?

கேள்வி: புகைப்படங்களின் அளவைக் குறைக்க, ஒவ்வொன்றாகச் சுருக்கும் கருவி நல்லதா, மொத்தமாகச் சுருக்குவது நல்லதா?
– வாசகர், கோட்டைப்பட்டினம்

பதில்: விசைப்படகு கரை சேர்ந்ததும் வஞ்சிரத்தை ஒவ்வொன்றாக எடைபோடுவார்கள்; நெத்திலியைக் கூடையோடு தூக்கிவிடுவார்கள். படங்களுக்கும் அதே கணக்குதான்.

வங்கித் தேர்வுக்கு விண்ணப்பிப்பவருக்கு வஞ்சிரக் கணக்கு. அந்தத் தேர்வுகளை நடத்தும் ஐபிபிஎஸ் கேட்பது 20 முதல் 50 கேபிக்குள் புகைப்படம், 10 முதல் 20 கேபிக்குள் கையெழுத்து. கூடினாலும் ஏற்காது, குறைந்தாலும் ஏற்காது. (மாமியார்கூட இவ்வளவு கறார் இல்லை.) இதற்கு கூகுள் குரோம் குழு 2018-இல் வெளியிட்ட ஸ்கூஷ் என்ற இணையக் கருவி போதும். அசலையும் சுருக்கியதையும் அருகருகே காட்டும். படம் உங்கள் கணினியைவிட்டு வெளியே போகாது. கையெழுத்தை முகம் தெரியாத இணையதளங்களில் ஏற்றுவதைவிட இது எவ்வளவோ மேல்.

கல்யாண ஆல்பத்துக்கு மொத்தக் கருவிதான். ஆனால் 'தரம் 80' என்று ஒரே எண்ணைக் கொடுத்தால் எல்லாப் படமும் ஒரே அளவுக்கு வராது. ஜேபெக் முறை படத்தை 8×8 புள்ளிக் கட்டங்களாகப் பிரித்து, கண்ணுக்கு எளிதில் புலப்படாத நுணுக்கங்களைக் கழிக்கிறது. வெறும் வானம் சட்டென்று சுருங்கும். காயப்போட்ட வலை, கண்ணி கண்ணியாக அடம்பிடிக்கும்.

இன்னொன்று: மொத்தமாகச் சுருக்க உதவும் இமேஜ்மேஜிக் மென்பொருளின் மோக்ரிஃபை கட்டளை, வேறு இடம் சொல்லாவிட்டால் அசல் கோப்பின் மேலேயே எழுதிவிடும். ஜேபெக்கில் கழிந்த நுணுக்கம் திரும்பாது. ஆல்பத்தை முதலில் வேறொரு ஃபோல்டரில் நகலெடுத்துவிட்டு, அப்புறம் கட்டளையைத் தட்டுங்கள்.