சைக்கிள் ஸ்டாண்டில் கேட்ட படம்

'சிகப்பு ரோஜாக்கள்' எத்தனை தடவை பார்த்திருக்கிறீர்கள் என்று யாராவது கேட்டால், "கணக்கே இல்லை" என்பேன். கணக்கு உண்டு. அரைத் தடவை.

1978-இல் வந்த படம் எங்கள் ஊர் டூரிங் டாக்கீஸை எட்டியபோது நான் எட்டாவது படித்துக்கொண்டிருந்தேன். சித்தப்பாவுக்குப் பக்கத்தில் மணலைக் குவித்து மேடு கட்டி, தெனாவெட்டாக உட்கார்ந்தேன். கறுப்புப் பூனை திரையில் முறைத்ததும் மேடு சரிந்துவிட்டது. இடைவேளையில் முறுக்கு வாங்கப் போனவன் சைக்கிள் ஸ்டாண்டிலேயே தங்கிவிட்டேன். மீதிப் படம் கீற்றுத் தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து இளையராஜாவின் இசையும் ஸ்ரீதேவியின் அலறலுமாகக் காதில் விழுந்தது. மறுநாள் வகுப்பில் க்ளைமாக்ஸை நடித்தே காட்டினேன்.

போன மாதம் மகள், "அந்தப் படத்தைப் போடுங்கப்பா, சேர்ந்து பார்ப்போம்" என்றாள்.

"கேமராவைக் கவனி, பாலு மகேந்திரா" என்று ஆரம்பித்தேன். டைட்டிலில் பி.எஸ். நிவாஸ் என்று வந்தது. டூயட் வந்ததும், "எஸ்.பி.பி. என்னமா குழையுறார் பாரு" என்றேன். செல்போனைத் தடவிவிட்டு, "கமலே பாடினதாம்ப்பா, ஜானகியோட" என்றாள். வசனம் பாக்யராஜ் என்று சொன்னது ஒன்றுதான் சரி. அதை அவள் டைட்டிலிலேயே படித்திருந்தாள்.

ஆனாலும் என்ன மிடுக்கு! '16 வயதினிலே', 'கிழக்கே போகும் ரயில்' என்று வயல்வரப்பில் நின்ற பாரதிராஜா, மூன்றாவது படத்திலேயே நகரத்துப் பங்களாவுக்குள் புகுந்துவிட்டார். புதைத்த பிணங்களுக்கு மேல் ரோஜா பூக்கிற தோட்டம் இன்றைக்கும் வயிற்றைக் கலக்குகிறது.

பாதிப் படத்தில், "டீ போடுறேன்" என்று எழுந்தேன். மகள் படத்தை நிறுத்திவிட்டாள். "நீங்க வந்தாத்தான் போடுவேன்."

மாட்டிக்கொண்டேன். சுவரில் எழுதியிருப்பதைச் சாரதாவாக வரும் ஸ்ரீதேவி படிக்கும் காட்சியை, நரைத்த தலையோடு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு முதல்முறையாகப் பார்த்தேன். கமல் கொலைகாரனான கதை அங்கேதான் வருகிறது.

"அப்போ, அந்தாளு இப்படி ஆனதுக்கும் பொம்பளைங்கதான் காரணமா?" என்றாள் மகள்.

'மனநோயை அக்குவேறு ஆணிவேறாக அலசிய படம்' என்று இத்தனை வருஷமாக நான் அளந்துவந்த அலசல் அதுதான். "அந்தக் காலத்துல..." என்று இழுத்தேன்; எனக்கே கூச்சமாக இருந்தது. அவள் கேட்டது நியாயம். கேமராவிலும் இசையிலும் அசத்துகிற படம், காரணம் சொல்ல வந்த இடத்தில் கோட்டை விட்டிருக்கிறது. பார்த்திருந்தால் எனக்கும் முன்பே தெரிந்திருக்கும்.

என்னோடு எட்டாவது படித்தவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு வார்த்தை: பூனை பாய்ந்து கமலின் குரல்வளையைக் கடித்ததாக நான் பெஞ்சு மேல் ஏறி நடித்தது முழுப் பொய். கமல் சாகவில்லை. சிறையில், புத்தி பேதலித்து, சாரதா நினைப்பாகவே இருக்கிறார். மன்னித்துக்கொள்ளுங்கள்.