சீமை பிஸ்கட்டு விக்கப் போறியாமே!

வாடா பேராண்டி, உக்காரு. ஈ.சி.ஆர். ரோட்டுல கடை போட்டு, ஆலம்பரைக் கோட்டை பாக்க வர்ற சனத்துக்கு சீமை பிஸ்கட்டு விக்கப் போறியாமே. பேஷ்! 1760-ல வெள்ளைக்காரன் கோட்டையை இடிச்சான். அங்க கப்பல் துறை இருந்த எடத்துல இப்ப மணலும் நண்டும்தான். நம்ம கடப்பாக்கத்துல மறுபடியும் இறக்குமதி யாவாரம்னா கேக்கவே காது குளிருது.

துபாய்லேருந்து உன் மச்சான் பெட்டியில அமுக்கிக்கினு வர்ற டப்பாவை வச்சே கடையைத் தெறந்துடலாம்னு பாக்குறியாம். பர்மா பஜாருக்குச் சரக்குக் கடத்தின குருவிங்க பறந்த காலத்துல பொறந்திருக்க வேண்டியவன்டா நீ. அந்த டப்பாவை நீயும் உன் பொஞ்சாதியும் டீயில தோச்சுத் தின்னா அது வீட்டுப் பண்டம். கடையில அடுக்கி விலை சொன்னா இறக்குமதிச் சரக்கு.

இறக்குமதின்னு எறங்கிட்டா, யாவாரம் கையளவோ கடலளவோ, மத்திய லைசென்ஸ் வேணும். 2011 உணவுப் பாதுகாப்பு லைசென்ஸ் விதியில அதுக்கு வருஷம் 7,500 ரூபான்னு வச்சாங்க. ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண் தனியா வாங்கணும். சரக்கு சென்னைத் துறைமுகத்துல எறங்கினா, உணவுப் பாதுகாப்பு ஆணையத்து அதிகாரி காகிதத்தைப் பாப்பார், லேபிளைப் படிப்பார், மாதிரி எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவார். 'ஆட்சேபணை இல்லை'ன்னு அவர் எழுதிக் குடுத்தாத்தான் கஸ்டம்ஸ்காரன் கதவைத் தெறப்பான். அவசரப்பட்டு சீரியல் லைட்டுக்கு அட்வான்ஸ் குடுத்துடாதே.

தேதி முடியப் போற சரக்கு துபாய்ல அடிமாட்டு விலைக்குக் கெடைக்குது, அள்ளிக்கலாம்னு ஒரு கணக்கு வச்சிருக்கியாமே! உனக்குத் தோணினது விதி போட்டவங்களுக்குத் தோணாமலா இருக்கும்? 2017-ல வந்த இறக்குமதி விதி என்ன சொல்லுதுன்னா, கஸ்டம்ஸ் விடுற அன்னிக்கு பண்டத்தோட ஆயுசுல நூத்துக்கு 60 பங்கு, இல்லன்னா 3 மாசம், எது கம்மியோ அது மிச்சம் இருக்கணும். பத்து மாசம் தாங்குற பிஸ்கட்டுன்னா 3 மாசம். நாலு மாசப் பண்டம்னா 72 நாளு. அதுக்குக் கீழ போச்சுன்னா, நீ வாங்கின சல்லிசு விலை துறைமுகத்தோட சரி.

"ஸ்டிக்கர் ஒட்டிக்கலாம் தாத்தா"ன்னு முனகுறது கேக்குது. ஒட்டலாம், நான் வேணாம்னேனா? இறக்குமதி பண்ணவன் பேரு, முகவரி, லைசென்ஸ் நம்பரு, சைவத்துக்குப் பச்சை வட்டம், அசைவத்துக்குப் பழுப்பு முக்கோணம், இதையெல்லாம் சுங்கக் கிடங்குலயே ஒட்டிக்க விடுறாங்க. அந்த ஸ்டிக்கரை பழைய தேதி மேல நைசா ஒட்டி மறைச்சா மட்டும் விட மாட்டாங்க. தப்பான லேபிளுக்கு 2006 உணவுப் பாதுகாப்புச் சட்டத்துல 3 லட்சம் வரைக்கும் அபராதம் இருக்கு. உன் மாமனார் குடுப்பாரா?

பேரு, முகவரின்னு சொன்னதும் ஏன்டா நெளியுறே? புள்ளைக்குக் காது குத்துன்னா நாலு முக்குலயும் கூலிங் கிளாஸ் போட்ட போட்டோவோட பேனர் கட்டினவன் நீ. வட்டச் செயலாளர் பேருக்குக் கீழ உன் பேரு சின்னதாப் போச்சுன்னு சண்டைக்குப் போனவன். பாக்கெட்டு மூலையில கட்டைவிரல் அகலத்துக்குப் பேரைப் போடுன்னா மட்டும் எங்கேருந்து வந்துச்சு இந்த அடக்கம்? இத்தனை விதியும் அந்த ரெண்டு வரிக்காகத்தான்டா. தின்ன கொழந்தைக்கு வவுறு வலிச்சா, அதைப் பெத்தவன் எந்த வாசல்ல வந்து நிக்கணும்?

வந்து நின்னா என்ன ஆகும்னு பாரு. 2021 டிசம்பர்ல மணலியில ஒருத்தர் தெருவுல திரியுற பிராணிங்களுக்குப் போடலாம்னு சன்ஃபீஸ்ட் மேரி லைட் வாங்கினார். பாக்கெட்டுல 16-ன்னு இருந்துச்சு, உள்ள 15. வழக்குப் போட்டார். நாங்க எண்ணி விக்கல, எடை போட்டு விக்கறோம்னு ஐ.டி.சி. கம்பெனி வாதாடிச்சு. சரி, எடையைப் பாப்போம்னு பாத்தா 76 கிராம் இருக்க வேண்டிய எடத்துல 74. 2023-ல திருவள்ளூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம் 1 லட்சம் இழப்பீடு குடுன்னுடுச்சு. கொறைஞ்ச பிஸ்கட்டோட விலை முக்கா ரூபா! பிராணிங்க எண்ணிப் பாக்காதுதான். அதுங்களுக்குப் போடறவன் எண்ணுவான். அவ்ளோ பெரிய கம்பெனியே பாக்கெட்டு மேல பேரைப் போட்டுக்கினு நின்னு பதில் சொல்லுது. பேரே போடாம விக்கலாம்னு நீ பாக்குறே. மகா தைரியசாலிடா!

பெரியவன் பேச்சைக் கேக்குற வழக்கம் உனக்கு இல்ல, இருந்தாலும் சொல்லி வைக்கிறேன். மொதல்ல மதுராந்தகத்துல ஏஜென்சிக்காரன்கிட்ட நாட்டுப் பிஸ்கட்டை எடுத்து வித்துப் பழகு. அதே 2011 விதியில சின்னக் கடைக்காரனுக்கு வருஷம் 100 ரூபாயில பதிவு வச்சாங்க. 2-ல தொடங்கி 14 எலக்கத்துல ஒரு நம்பர் குடுப்பாங்க. அதை வர்றவன் கண்ணுல படுற மாதிரி மாட்டு, சாமி படத்துக்குப் பின்னால சொருகாதே. தேதி முடிஞ்சதைத் தள்ளுபடின்னு பள்ளிக்கூடப் பசங்க தலையில கட்டாதே. ரெண்டு வருஷம் இப்படி ஓட்டிட்டீன்னா, அப்பால கப்பலைப் பத்திப் பேசுவோம்.

கடை தெறக்குற அன்னிக்கு மொத போணி நான்தான். ரெண்டு பாக்கெட்டு எடுத்து வை, எண்ணிப் பாத்துத்தான் வாங்குவேன். காசா? அதை நோட்டுல எழுதிக்க. பில்லு மட்டும் கையோட குடுத்துடு. அதுல உன் 14 எலக்கமும் இருக்கணும், ஆமா.