தனிச் சங்கம் தேவையா?

அமெரிக்காவில் படிக்கும் என் மகள், "காலேஜில் இருக்கிற சொராரிட்டி எதுவும் பிடிக்கலை. புதுசா ஒரு மாணவியர் சங்கம் ஆரம்பிக்கட்டுமா?" என்கிறாள். என்ன பதில் சொல்வது?
*- ஒரு வாசகி, மதுரை*

எத்தனை பேருக்குப் பிடிக்கவில்லை என்று கேளுங்கள். தலைவி, செயலாளர், பொருளாளர் மூன்றும் அவளேதான் என்றால் அது சங்கமல்ல, டைரி!

1913-ல் ஹோவர்டு பல்கலைக்கழகத்தின் 22 மாணவிகள், ஏற்கெனவே இருந்த ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா சங்கம் போதாதென்று டெல்டா சிக்மா தீட்டாவைத் தொடங்கினார்கள். இரண்டு மாதம் முடிவதற்குள் வாஷிங்டனில் பெண்கள் வாக்குரிமை ஊர்வலத்தில் நடந்தார்கள். பழைய சங்கமும் படுத்துவிடவில்லை. கமலா ஹாரிஸ் அதில் சேர்ந்தவர்தான்.

இந்தச் சங்கங்களுக்குப் பெயராகும் கிரேக்க எழுத்து 24 இருக்கிறது, பெயருக்குப் பஞ்சமில்லை. சேர்ந்து செய்ய ஒரு வேலை இருந்தால் தொடங்கட்டும். கோபம் மட்டும்தான் என்றால், அது செமஸ்டர் லீவில் தீர்ந்துவிடும்.