ஒண்ணும் பண்ணாது!

புதுச்சேரி தேங்காய்த்திட்டில் நாய் வளர்ப்பவர்கள் எல்லோருக்கும் ஒரே வசனம்தான்: "ஒண்ணும் பண்ணாது, உள்ள வாங்க." கேட்டில் 'நாய்கள் ஜாக்கிரதை' பலகை மாட்டியவரும் இதைத்தான் சொல்வார். அப்புறம் பலகை யாருக்கு, திருடனுக்கா? அவன் எங்கே நின்று படிக்கப் போகிறான்!

லீவுக்கு வந்திருந்த தங்கை மகளுக்கு ஆறு வயது. துறைமுகம் பக்கத்திலேயே இருப்பதால் மீனுக்குப் பஞ்சமில்லை. நாய்க்கும் பூனைக்கும் பஞ்சமில்லை. அதனால் அவளுக்குப் பாடம் எடுத்தேன். நாய் சாப்பிடும்போது கிட்டப் போகாதே. தூங்கினால் எழுப்பாதே. குட்டி போட்டிருந்தால் எட்டிப் பார்க்காதே. கழுத்தைக் கட்டிக் கொஞ்சாதே. வாலை விறைப்பாகத் தூக்கி ஆட்டினால் அது பாசமில்லை. தெரியாத நாய் பாய்ந்து வந்தால் ஓடாமல், அதன் கண்ணைப் பார்க்காமல், மரம் மாதிரி நில்.

"என்ன மரம் மாமா?"

"நம்ம ஊர்ல வேறென்ன? தென்னை மரம்."

"மரத்தைப் பாத்தா நாய் காலத் தூக்குமே?"

இதற்குப் பாடத்திட்டத்தில் பதில் இல்லை.

பிள்ளைகள் சொன்னால் கேட்டுக்கொள்கிறார்கள். பெரியவர்கள்தான் பிரச்சினை. பயம் தெளியட்டும் என்று குழந்தை கையில் பிஸ்கட்டைக் கொடுத்து நாய் வாயருகே நீட்டச் சொல்வார்கள். நாய் முதுகில் உட்கார வைத்துப் போட்டோ எடுப்பார்கள். குழந்தையின் முகமும் நாயின் வாயும் ஒரே உயரம் என்பது யாருக்கும் தோன்றாது. முகத்தில் பட்ட கடியிலிருந்து ரேபிஸ் கிருமி மூளைக்குப் போகும் தூரமும் குறைவு.

கடித்துவிட்டால் அடுத்து வைத்தியம். மிளகாய்த் தூள், சுண்ணாம்பு, மஞ்சள் என்று அஞ்சறைப் பெட்டியே இறங்கிவிடும். வேண்டியதோ சோப்பும், திறந்துவிட்ட குழாயில் கால் மணி நேரக் கழுவலும், உடனே ஆஸ்பத்திரியும். கீறலுக்கும் இதுதான், "தெரிஞ்ச நாய்"க்கும் இதுதான். எங்கள் பெரியம்மா இன்னமும் "தொப்புளைச் சுத்தி பதினாலு ஊசி" என்று பயமுறுத்துவார். ஆட்டு மூளையில் தயாரித்த அந்த மருந்தை நிறுத்தி 20 வருஷத்துக்கு மேலாகிறது. இப்போது கையில் போடுகிறார்கள், நாலைந்து தடவைதான். பாரிஸில் லூயி பாஸ்டர் ஜோசப் மெய்ஸ்டர் என்ற 9 வயதுப் பையனுக்கு ரேபிஸ் தடுப்பூசியைப் போடவைத்தது 1885-இல். பிரெஞ்சுக்காரர் வைத்த தெருப் பெயரையெல்லாம் பெருமையாகச் சொல்லும் நம் ஊர், பாஸ்டரை மட்டும் சேர்த்துக்கொள்வதில்லை.

போன வாரம் பக்கத்துத் தெருவில் லாப்ரடார் வளர்க்கும் பெரியவர் வீட்டுக்குப் போனோம். வாசலிலேயே நின்றுவிட்டாள் தங்கை மகள்.

"தாத்தா, தொடலாமா?"

"தாராளமா தொடும்மா. ஜிம்மி ஒண்ணும் பண்ணாது."

"உங்களக் கேட்டாச்சு. அதக் கேக்கணும்."

விரல்களை மடக்கிக் கையைச் சற்று நீட்டினாள். ஜிம்மி தூரத்திலிருந்தே மூக்கை ஆட்டிப் பார்த்துவிட்டு, சோபாவுக்குப் பின்னால் போய்ப் படுத்துக்கொண்டது.

"அது வேணாங்குது தாத்தா" என்று கையை எடுத்துக்கொண்டாள்.

பெரியவருக்குக் கௌரவப் பிரச்சினையாகிவிட்டது. "என் பேச்சை மீறாதும்மா, பாரு" என்று குனிந்து கழுத்துப் பட்டையைப் பிடித்து இழுத்தார். ஜிம்மி பல்லைக் காட்டி உறுமியது. அவர் கை அப்படியே நின்றது.

"தாத்தா, ஓடாதீங்க" என்றாள் இவள் மெதுவாக. "தென்னை மரம் மாதிரி நில்லுங்க."