மாற்றல் கடிதத்தில் தாய்மார் நோயுறும் மரபு: ஓர் ஆய்வு

கேமரன் மலையில், திரிங்காப்புக்கும் கம்போங் ராஜாவுக்கும் நடுவே கிடக்கும் கோலா தெர்லாவில் வழங்கும் எழுத்திலக்கியங்களுள் தலையாயது, மெட்ரிகுலேஷன் மாணவர் எழுதும் கல்லூரி மாற்றல் கடிதம். அதற்கு இதுவரை எவரும் உரை செய்யவில்லை. அக்குறை இன்றோடு தீர்ந்தது.

முதலில் நிலம். தேயிலைத் தோட்டம் பகாங் மாநிலத்தது. பையனுக்குக் கிடைக்கும் இடமோ குவாந்தான் பக்கத்துக் கம்பாங்கில். சிம்பாங் பூலாய் சாலையில் இறங்கினால் பேராக்கின் கோப்பெங் கல்லூரி கிட்டத்தில் இருக்கிறது. தின்ற ரொட்டி சானாய் செரிக்குமுன் போய்விடலாம். கம்பாங்குக்குப் போக மாநிலத்தையே குறுக்கே அளக்க வேண்டும். குறிஞ்சியில் பிறந்தவனை நெய்தலோரம் கொண்டுபோய் விட்டால் இரங்கல் பிறக்கும் என்பது தொல்காப்பியம் அறிந்தவர்க்குத் தெரியும். அந்த இரங்கலை அரசாங்க மலாயில் எழுத நேரும் என்பதைத்தான் தொல்காப்பியர் எதிர்பார்க்கவில்லை.

இடமே வேண்டாம் என்று உதறவும் மனம் வராது. மெட்ரிகுலேஷனில் பூமிபுத்ரா அல்லாதாருக்கு ஒதுக்கீடு 10 விழுக்காடு. ஊரே வாழ்த்தி, லயத்து வாசலில் வடை சுட்டு அனுப்பிய பிள்ளை, பெட்டியோடு திரும்பி வந்தால் எப்படி இருக்கும்? ஆகவே மாற்றல்.

இனி யாப்பு. 'துவான்/புவான்' என்ற விளி. அடுத்து பெரிய எழுத்தில் தலைப்பு. பிறகு 'மேற்கண்ட விஷயம் தொடர்பாக' என்று பொருள்படும் ஓர் அடி. இந்த முதல் பத்திக்கு எண் கிடையாது. அடுத்த பத்தி 2 என்று தொடங்கும். அப்படியானால் 1 எங்கே? அலுவலக மரபு என்று சொல்லி ஆசிரியர்கள் நழுவிவிடுகிறார்கள். என் முடிபு வேறு: எழுதக் கூடாத உண்மைக் காரணமே 1. இரவில் கம்பளி தேவைப்படாத ஊரில் தூக்கம் வரவில்லை. விடியலில் பனிமூட்டம் இல்லை. சாப்பாட்டுக் கூடத்து மீன் குழம்பு அம்மா வைத்தது போலில்லை. இவற்றையெல்லாம் எந்த அதிகாரி கோப்பில் ஏற்றுவார்?

காரணத்துக்கு மலாயில் 'அலாசான்' என்று பெயர். அது நம் 'அலச'லிலிருந்து போனதென்று நிறுவக் கை துறுதுறுக்கிறது, அடக்கிக்கொள்கிறேன். அலாசான் வலுவாக இருக்க வேண்டும் என்பது விதி. கைக்கெட்டும் வலுவான பொருள் வீட்டில் ஒன்றுதான் உண்டு: அம்மா. ஆகவே 2-ஆம் பத்தியில் அம்மா படுத்த படுக்கையாகிறாள். 3-இல் அவளைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. கூடப்பிறந்த மூன்று பேரும் இந்தப் பத்தியில் காணாமல் போவது கவனிக்கத்தக்கது.

பாடத்தை உறுதிசெய்ய ஒரு கடிதத்தை அதன் நாயகிக்கே படித்துக் காட்டினேன். அப்போதுதான் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்திருந்தார். "எனக்கா நோக்காடு?" என்று மகனை முறைத்தார். பிறகு சற்று யோசித்து, "சரி, எழுதிக்க தம்பி. ஆனா கையி, காலு, இடுப்புன்னு எழுதிடாத. மண்டோர் காதுக்குப் போச்சுன்னா மலையில ஏற விடமாட்டான். வயித்துல எங்கயாச்சும் எழுதிக்க" என்றார்.

கோலா தெர்லாக் கடிதங்களில் வயிற்று நோய் மிகுதியாகக் காணப்படுவது இதனாலேயே.