அகராதி பிடித்தவர்

திமிராகப் பேசுகிறவனை "அகராதி பிடிச்சவன்" என்று திட்டுவது நம் வழக்கம். நான் சொல்லும் மனிதர் நிஜமாகவே அகராதியைப் பிடித்துக்கொண்டிருப்பவர். ஓய்வுபெற்ற ஆங்கில வாத்தியார். உங்கள் ஊரிலும் ஒருவர் இருப்பார்.

அவருக்கு எதிரில் உட்கார்ந்து "ஒரு செட் தோசை" என்று சொன்னது என் தப்புதான்.

"தம்பி, செட்டுன்னா என்னன்னு தெரியுமா?"

மூக்குக்கண்ணாடி கழன்று கைக்கு வந்தது. கண்ணாடி கழன்றால் வகுப்பு தொடங்கிவிட்டது என்று அர்த்தம். 1989-இல் வந்த ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியின் இரண்டாம் பதிப்பில், இந்த வினைச்சொல்லுக்கு மட்டும் 430 பொருள்கள். விளக்கம் 60,000 சொற்களுக்கு நீளும். "ஒரு நாவல்டா!" என்று அவர் கையை வீசியதில் கண்ணாடியின் ஒரு காது தேங்காய்ச் சட்னியில் தோய்ந்தது. கவனிக்கவில்லை.

சூரியன் மறைவது செட். ஜெல்லி உறைவது செட். பொறி வைப்பது, மோதிரத்தில் கல் பதிப்பது, தேதி குறிப்பது, அச்சுக் கோப்பது எல்லாமே செட். ஷேக்ஸ்பியரின் ஃபால்ஸ்டாஃப் போர்க்களத்தில் மானத்தை எடைபோட்டுப் பார்த்து, உடைந்த காலைச் செட் பண்ணக்கூட அதற்குத் துப்பில்லை என்று முடிவுகட்டியதைச் சொல்லும்போது, வாத்தியாருக்கே தொந்தி குலுங்கியது.

"நமக்கு ஒவ்வொண்ணுக்கும் தனித்தனிச் சொல் இருக்கே சார். பஞ்சம் அவங்களுக்குத்தான் போல" என்றேன்.

முறைத்தார். மைக் செட், பம்பு செட் வரை அவருக்குச் சம்மதம். "வரன் செட் ஆகலை" என்றால்தான் பிரஷர் ஏறும். அது எந்த அகராதியில் இருக்கிறது என்பார். பெண்ணைப் பெற்ற எவரும் அகராதியைப் பார்த்துவிட்டா பேசுகிறார்கள்?

தோசை ஆறி வறட்டி ஆகிவிட்ட கோபத்தில் நானும் ஒன்றை எடுத்துவிட்டேன். "சார், ஆக்ஸ்ஃபோர்டுக்காரங்க திருத்திக்கிட்டு வர்ற மூணாம் பதிப்புல 'ரன்' முந்திடுச்சு. வினைச்சொல்லுக்கு மட்டும் 645."

கண்ணாடியைச் சட்னியோடு மாட்டிக்கொண்டு எழுந்து போய்விட்டார். ஒரு வாரம் ஆளைக் காணோம்.

நேற்றுக் காலை பூங்காவில் பார்த்தேன். கண்ணாடி கையில் இருந்தது. எதிரே ஒரு பையன், ஷூ லேஸ் அவிழ்ந்தபடி, பாவமாக நின்றிருந்தான். "ரன்னுன்னா என்னன்னு தெரியுமா?" என்பது என் காதில் விழுந்தது.

நீங்கள் அந்தப் பக்கம் போனால், அந்த 645-இல் முதல் பொருள் ஒன்றே உங்களுக்குப் போதும்.